ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லையா? மோட்டார் வாங்கும் முன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்

விடுமுறை நாளில் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும். ரயில் பாலத்தைப் படம் எடுக்க ஆளாளுக்கு வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். பின்னால் வருகிறவர் இன்ஜினை ஓடவிட்டபடி நிற்க வேண்டியதுதான். அதுவரை நடுவில் இருந்த டெம்பரேச்சர் முள் அங்கேதான் ஏறத் தொடங்கும். பாலத்தைத் தாண்டி ஐம்பது அறுபதில் போனால் தானாக இறங்கிவிடும். உங்கள் காரும் இப்படிச் செய்தால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்ளும், நிற்கும்போதுதான் ஃபேனுக்கு வேலை. நின்றாலும் ஓடினாலும் சூடு ஏறிக்கொண்டே போகிறதா? அப்படியானால் கூலன்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பக்கம் தேடுங்கள்.

தனுஷ்கோடியில் நிறுத்தி வைத்து ஃபேனைச் சோதிக்காதீர்கள். அங்கே கடல்காற்று முகப்பு கிரில்லில் நேராக அடித்தால், ஃபேன் செத்துப்போன வண்டிகூட சூடாகாமல் நின்று உங்களை ஏமாற்றும்.

மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்கள் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்), சென்சார், மோட்டார் என்று வரிசையாகப் போகலாம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை வேறு. இங்கே ஒயர் சேரும் இடங்களை உப்புக்காற்று அரித்துவிடும். ஃபேனும் அதன் கப்ளரும் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) வண்டியின் முன்முகத்திலேயே இருப்பதால் முதல் அடி அவற்றுக்குத்தான்.

சோதனைக்கு வேண்டியவை: பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்று (12 வோல்ட், 55 வாட், ஒரு இழை அறுந்திருந்தாலும் மற்றது எரிந்தால் போதும்), அதில் பற்றவைத்த இரண்டு நீள ஒயர்கள், மல்டிமீட்டர், உப்புத்தாள், கொஞ்சம் வாசலின்.

கை வைக்கும் முன் இரண்டு விஷயம். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சிவிடும். அப்புறம், சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். இறக்கை அருகே கை போகும்போதெல்லாம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா எதுவும் வேண்டாம்.

முதலில் ஏசி சோதனை. வண்டி ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். அளவு குறைந்தால் சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் ஆவியில் நிற்கும். இன்ஜின் கொதித்தாலும் அதற்குச் சூடு சரியாகத் தெரியாது, ஃபேனும் ஓடாது. குறைந்திருந்தால் கூலன்ட்டையே ஊற்றுங்கள். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு, அதை ரேடியேட்டருக்குக் காட்டவே வேண்டாம். அளவு சரி என்றால் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸர் பிடித்ததும் ஃபேனும் ஓட வேண்டும். ஏசிக்கு ஓடுகிறது, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, நேராகச் சென்சார் பகுதிக்குப் போய்விடலாம். இரண்டு ஃபேன் இருக்கும் கார்களில் ஓடுவது எந்த ஃபேன் என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபியூஸ். பானெட்டுக்கு உள்ளே இருக்கும் பெட்டியின் மூடியிலேயே படம் இருக்கும். ஃபேனுக்குப் பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். போயிருந்தால் அதே அளவைப் போடுங்கள், பெரியது போட்டால் ஒயர் எரியும். புதியதும் உடனே போனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றுங்கள். மணலும் துருவும் சேர்ந்து இறுகியிருந்தால் கையிலேயே தெரிந்துவிடும்.

இனிதான் முக்கியமான இடம். ஃபேன் மோட்டாரின் கப்ளரைக் கழற்றுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பின்களைப் பாருங்கள். பச்சைக் களிம்போ வெள்ளைப் பொடியோ பூத்திருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். ஒன்றுமே தெரியாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள். கப்ளருக்குப் பின்னால் ஒயரை விரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள். உள்ளே நறநறவென்று இருந்தால் செம்பு உறைக்குள்ளேயே பொடிந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் மல்டிமீட்டர் பலரைக் கவிழ்க்கிறது. களிம்பு பிடித்த ஒயரில் மீட்டரை வைத்தால் அழகாக 12 வோல்ட் காட்டும். கரண்ட் வருகிறதே, மோட்டார்தான் போச்சு என்று புதுசு வாங்கிவிடுவார்கள். மீட்டர் இழுப்பது மிகமிகக் குறைந்த கரண்ட். மோட்டாருக்கோ பத்து ஆம்பியருக்கு மேல் வேண்டும். சொட்டும் குழாயிலும் தண்ணீர் இருக்கிறது, குடம் நிறையாது. அதனால்தான் பல்ப். அது நாலரை ஆம்பியர் இழுக்கும், ஒயரின் நிலவரம் வெளியே வந்துவிடும்.

இன்ஜின் ஓடி, ஏசி போட்ட நிலையில், வண்டிப் பக்கத்துக் கப்ளரின் இரண்டு பின்களில் பல்பின் ஒயர்களைக் கொடுங்கள். பல்ப் கடுமையாகச் சூடாகும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள்.

நல்ல வெளிச்சமாக எரிந்தால் வரத்து சரி, மோட்டாரையோ அதன் பக்கத்துப் பின்களையோ பாருங்கள். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ அரிப்பு. எரியவே இல்லை என்றால் பல்பின் ஒரு ஒயரை எர்த் பின்னிலிருந்து (பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயரின் பின்) எடுத்து நேராகப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இப்போது எரிகிறதா? எர்த் போயிருக்கிறது. அப்போதும் இல்லையென்றால் பாசிட்டிவ் வரவில்லை, ரிலேயைப் பார்க்க வேண்டும். இது இரண்டு ஒயர் மோட்டாருக்கான சோதனை. மூன்று, நான்கு ஒயர் போகும் ஃபேனில் வேகக் கட்டுப்பாட்டு யூனிட் இருக்கலாம், அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

எர்த் கோளாறு இந்தக் கரையில் அதிகம். ஃபேனிலிருந்து வரும் எர்த் ஒயர், பெரும்பாலும் கறுப்பு, ஹெட்லைட் பக்கம் பாடியில் போல்ட் போட்டிருக்கும். போல்ட்டைக் கழற்றி, ஒயர் முனையையும் அது உட்காரும் தகட்டையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். மீட்டருக்கும் இங்கே ஒரு வேலை உண்டு: மோட்டாருக்கு இணைப்பு கொடுத்த நிலையில், ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில், பேட்டரி நெகட்டிவுக்கும் மோட்டாரின் எர்த் ஒயருக்கும் இடையில் அளந்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் மறுபடி தேயுங்கள். பொடிந்த ஒயரைப் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிவிட்டுப் புது முனை போடுவதே வழி. டேப் சுற்றினால் அடுத்த மழைக்குள் திரும்பி வரும்.

ரிலே சுலபம். அதே எண்ணுள்ள வேறு ரிலேயை, ஹாரனுடையது சில கார்களில் பொருந்தும், மாற்றிச் செருகிப் பாருங்கள். கழற்றும்போது அதன் கால்களிலும் களிம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்சாருக்கு வருவோம். கணினி வைத்த கார்களில், இன்ஜின் ஓடும்போது கூலன்ட் சென்சாரின் கப்ளரைக் கழற்றினால், பலவற்றில் பாதுகாப்புக்காகக் கணினி ஃபேனை ஓடவிடும். ஓடினால் ரிலே, ஒயர், மோட்டார் எல்லாம் சரி. சென்சாரும் அதன் கப்ளரும்தான் மிச்சம். இன்ஜின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம், ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் இருப்பது சுவிட்ச்தான். அதன் இரண்டு ஒயர்களையும் சேர்த்துப் பிடித்தால் ஃபேன் ஓட வேண்டும்.

பல்ப் பளிச்சென்று எரிந்தும் ஃபேன் அசையவில்லை என்றால், ஃபேன் ஓட வேண்டிய அந்த நிலையிலேயே, நீளமான மரக்குச்சியால் மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டுங்கள். உடனே சுற்றத் தொடங்கினால் உள்ளே சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கிறது. சில மோட்டாரில் கார்பன் மட்டும் மாற்ற முடியும். வைண்டிங் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் புதியதற்குப் போங்கள்.

எதைச் சரிசெய்தாலும் ஏசி போடாமல் நிழலில் நிறுத்தி ஓடவிடுங்கள். முள் நடுவைத் தாண்டும் முன் ஃபேன் ஓடி, கொஞ்ச நேரத்தில் நின்று, மறுபடி ஓட வேண்டும். இரண்டு சுற்று அப்படி வந்தால் ராமேஸ்வரத்துக்கே எடுத்துப் போகலாம். பாலத்தில் மாட்டி முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.