பழைய டெஸ்க்டாப்பில் ஹார்ட் டிஸ்க் மாற்றும்போது

புது டிஸ்க் வாங்க திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ் ஏறுமுன், பழையது நிஜமாகவே போய்விட்டதா என்று பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் வரிசையாக எண்கள் தெரியும். 05, சி5 என்ற இரண்டு வரிகளின் கடைசி மதிப்பு நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் தேய்கிறது என்று அர்த்தம். சி7 மட்டும் ஏறினால் சந்தேகம் கேபிள் மேல். தென்காசிப் பக்கம் சாரல் ஈரமும், பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆடிக்காற்றுப் புழுதியும் பின்களில் படியும். கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். கேட்காவிட்டால் கேபிளை மாற்றுங்கள். சரியான பிறகும் சி7 எண் குறையாது, ஏறுவதுதான் நிற்கும்.

டக் டக்கென்று சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். அந்த நிலையில் செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓட்டுவது, மிச்சமிருக்கும் உயிரையும் நாமே வாங்குவது போல.

சத்தமில்லை என்றால் முதல் வேலை காப்பி எடுப்பது. போட்டோ, டேலி கணக்கு போல்டர் எல்லாம் யாருக்கும் ஞாபகம் வரும், மறப்பது எழுத்துருக்களை. டிடிபி சென்டர்களில் வானவில், பாமினி எழுத்தில் அடித்த பத்திரிகை, பத்திர நகல்கள் அந்த ஃபாண்ட் இல்லாமல் வெறும் கிறுக்கலாகத்தான் திறக்கும். விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் போல்டரையும் சேர்த்து எடுங்கள். யுஎஸ்பி 2.0 வழியே 200 ஜிபி நகர இரண்டு மணி நேரம்கூட ஆகும். யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

வாங்குவதில் எங்கள் கட்சி, சுழலும் தட்டில்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிதான். பழைய மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்கும் முனை சாட்டா 2 வகையாக இருந்தால் நொடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது. அதுவே பழைய டிஸ்க்கின் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. 240 ஜிபி தாராளம். போர்டில் அகலமான 40 பின் பட்டைக் கேபிள் மட்டுமே இருந்தால் அது சாட்டாவுக்கு முந்திய ஐடிஇ வகை; அதற்குச் செலவு செய்வது வீண்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்தி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். சாட்டா முனை ‘எல்’ வடிவம். ஒரு பக்கம்தான் போகும். கிளிப் இருந்தால் அதை அழுத்திக்கொண்டே நேராக இழுங்கள். ஆட்டி இழுத்தால் டிஸ்க்கில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு முறிந்து, பின்கள் மட்டும் தொங்கும். பழைய டிஸ்க்கில் இருந்த தடித்த ஸ்குரு எஸ்எஸ்டிக்குச் சேராது. அதற்கு மெல்லிய எம்3. இரண்டு சுற்றிலேயே இறுகினால் திருப்புளியைக் கீழே வைத்துவிடுங்கள், மேலும் திருகினால் மரை போய்விடும். 2.5 அங்குல எஸ்எஸ்டிக்குத் தாங்கி இல்லையென்றால் இரட்டைப் பசை டேப்பே போதும், உள்ளே சுழல்வது எதுவுமில்லை.

கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் சாட்டா பவர் முனை இல்லாவிட்டால் மாற்றுக் கேபிள் வாங்குவார்கள். அதில் ஒரே பிளாஸ்டிக்கில் வார்த்த முனை உருகித் தீப்பிடித்ததுண்டு. ஒயர்களைத் தனித்தனியே செருகிய வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

பழைய டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே புதியதில் நகலெடுப்பது, அதாவது குளோன் செய்வதென்றால், 500 ஜிபி டிஸ்க்கை 240-க்குள் அடக்க முதலில் அதிலுள்ள பிரிவை (பார்ட்டிஷன்) சுருக்க வேண்டும். முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டே முதல் முறை பூட் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் விண்டோஸ் குழம்பும். குளோன் செய்த விண்டோஸில் பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரைக்குப் போய், டிஸ்க்கைப் படிக்கும் முறையை ஐடிஇயிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றினால், விண்டோஸ் திறக்காமல் நீலத்திரைதான் வரும். புதிதாக விண்டோஸ் போடுகிறவர்கள் முன்கூட்டியே மாற்றிவிடலாம். கம்ப்யூட்டரின் தேதி பின்னோக்கிப் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியையும் மாற்றுங்கள். இல்லையென்றால் பூட் வரிசையும் மறந்துபோகும்.

பழைய டிஸ்க்கை இரும்புக் கடையில் போடுமுன், மேல் மூடியின் நட்சத்திர ஸ்குருக்களைக் கழற்றி, உள்ளே மின்னும் தட்டில் ஆணியால் நாலைந்து ஆழமான கோடு கிழியுங்கள். ஒரு ஸ்குரு ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும்.