வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள்: இமாலயத்தில் வசந்தகாலப் பனிச்சரிவு

மணாலிக்கு மேலே, மார்ச் முதல் மே வரை, அன்றைய ஆபத்தைத் தீர்மானிப்பது முந்தைய இரவுதான். வானம் தெளிந்திருந்தால் காற்று 2 டிகிரியில் இருந்தாலும் பனியின் மேல்தோல் உறைந்துவிடும். மேகம் மூடியிருந்தால் வெப்பம் வெளியேறாது, பனியும் இறுகாது. அப்படியான காலையில் செங்குத்தான சரிவுப் பக்கமே போகாதீர்கள்.

விடியலில் குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். மேலோடு உடையாமல் தாங்கினால் கிளம்பலாம். பிறகு அரைமணிக்கொரு முறை ஒரு பிடி பனியை அமுக்கிப் பாருங்கள். உருண்டை பிடித்தால் ஈரம் ஏறுகிறது. விரலிடுக்கில் நீர் கசிந்தால் நேரம் முடிந்தது. கணுக்காலுக்கு மேல் கால் புதைந்தாலும், மேலிருந்து லட்டு லட்டாகப் பனி உருண்டு வந்தாலும் அப்படியே.

வெயில் முதலில் கிழக்குச் சரிவில் விழும். பிறகு தெற்கு, மேற்கு. அந்த வரிசையில் கடந்து, நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். ஊன்றுகோலைச் சரிவின்மேல் கிடத்தி, அதன்மீது சாய்வு காட்டும் செயலியுள்ள போனை வைத்தால் சாய்வு தெரியும். 30 முதல் 45 டிகிரிதான் மோசம். நீங்கள் நிற்பது சமதளமானாலும் தலைக்கு மேலே இருப்பதையும் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

புல்சரிவின்மேல் கிடக்கும் பனியில் வாய்பிளந்த வெடிப்பு தெரிந்தால் அதன் கீழே நடக்கவே கூடாது. அந்தப் பனி நள்ளிரவிலும் சரியும்.

ஒவ்வொருவரிடமும் டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோ கருவி), துழாவுகோல் (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கோல்), மண்வெட்டி மூன்றும் வேண்டும். சரிந்துவந்த ஈரப்பனி நின்றதும் சிமென்ட்போல் இறுகும். பிளாஸ்டிக் மண்வெட்டி அதில் உடையும், உலோகத்தில் வாங்குங்கள்.