துப்பாக்கி உரிமம்: சென்னைக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் முறைப்படி வாங்கிய துப்பாக்கிதானே, ஊர் திரும்பும்போது பெட்டியில் கொண்டுவந்தால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ஊர்க் காகிதம் மீனம்பாக்கத்தில் செல்லாது. பயணிகள் துப்பாக்கி கொண்டுவரத் தடை என்பதே பொது விதி. வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு நிரந்தரமாகத் திரும்புகிறவருக்குத் தரப்படும் விலக்கும் மிகக் குறுகியது. ஒரே ஒரு துப்பாக்கி, அதுவும் அனுமதிக்கப்பட்ட குழல் விட்டத்தில் இருக்க வேண்டும். அங்கே குறைந்தது ஓராண்டாவது அவரிடம் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். சுங்க வரி கட்டி எடுத்த பிறகு ஆயுள் உள்ளவரை விற்கவோ கைமாற்றவோ முடியாது. இந்திய உரிமமும் கட்டாயம். ஆகவே டிக்கெட் போடும் முன்பே சுங்கத்துறையிடமும் உரிமம் தரும் அதிகாரியிடமும் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இதைவிடப் பரிதாபமானது தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி. அவர் காலமான பிறகு அது பீரோவிலேயே கிடக்கும். வீடும் நிலமும் போல உரிமம் வாரிசுக்கு வந்துவிடாது. உரிமதாரர் இறந்ததும் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வேண்டுமென்றால் வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். சென்னை மாநகரில் போலீஸ் கமிஷனரிடம், மாவட்டங்களில் கலெக்டரிடம். துக்க வீட்டில் இதை யார் யோசிப்பார்கள் என்பது நியாயம்தான். ஆனால் உரிமமில்லாமல் வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கு உண்டு. உரிமக் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகிவிட்டதால் புதுப்பிக்கும் தேதி மறந்துபோகிறது. உரிமம் எந்தப் பகுதிவரை செல்லும் என்று அதில் குறித்திருக்கும் கட்டத்தையும் பலர் படிப்பதே இல்லை. தமிழ்நாடு என்று மட்டும் போட்டிருந்தால், திருப்பதிக்குக் காரில் எடுத்துப்போவதும் மீறல்தான்.

ஏர்கன்னுக்கு லைசென்ஸே வேண்டாம் என்பதும் பாதி உண்மை. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையோ, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் (joule) அளவையோ தாண்டினால் வேண்டும்.

உரிமம் உள்ளவர்கள் விமானப் பயணத்துக்கு முன் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா ஸ்கேனரில் தெரிந்தாலே பயணம் நின்று, போலீஸ் விசாரணை தொடங்கிவிடும்.