தொடர்மாடி வீட்டில் சண்டை பிடிக்கும் முறை

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் குளியலறை ஜன்னல்கள் எல்லாம் ஒரே சந்துக்குள்தான் திறக்கின்றன. தண்ணீர்க் குழாய்கள் இறங்குவதற்காக விட்ட சந்து. ஐந்தாம் மாடியில் ஒருவர் தொண்டையைச் செருமினால் இரண்டாம் மாடியில் கேட்கும். முகாமைத்துவக் குழுவுக்கு நான் செயலாளர் என்பதால் சத்தம் பற்றிய முறைப்பாடுகள் என்னிடம்தான் வரும். நாய் குரைக்கிறது, விடியப்புறம் தேங்காய் உடைக்கிறார்கள், அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நாலாம் மாடியில திரும்பத் தொடங்கிட்டினம்."

சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிற வீடுகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, அடி விழாத வரைக்கும். ஒரு கிழமையாகப் புருஷனும் பெண்சாதியும் முகம் கொடுக்காமல், "அப்பாவைக் கேள், சாப்பிடுறாராமோ?" என்று பிள்ளையைத் தூது விடுகிற வீடுகள்தான் கவலை. இரண்டு அறை, ஒரு ஹோல், மாமியும் கூட இருக்கிறா. தனியாகக் கோபப்படக்கூட இடமில்லை. சண்டையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிடிக்கிற சண்டையை நிறுத்தவும், நிறுத்தியதைத் திரும்ப எடுத்து முடிக்கவும் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் நிறுத்துவது. ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளின் உடம்பில் கருவிகளைப் பொருத்தி, வாக்குவாதப்படும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தவர். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் மற்றவர் சொல்வது காதில் விழும், மண்டையில் ஏறாது என்பது அவர் கண்டது. ஒருமுறை, கருவியில் ஏதோ கோளாறு என்று சொல்லி, சண்டையை இடையில் நிறுத்தி, அரை மணி நேரம் சஞ்சிகை வாசிக்க விட்டார்கள். திரும்பத் தொடங்கியபோது நாடியும் இறங்கியிருந்தது, பேச்சும் தணிந்திருந்தது. வீட்டில் யாரும் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டு சண்டை பிடிப்பதில்லை, அதனால் நான் வைத்திருக்கும் அடையாளம் வேறு. சொன்னதையே மூன்றாம் முறை சொல்லத் தொடங்கிவிட்டேன் என்றால் நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆனால் எழும்பிப் போய் அறைக்கதவை அடித்துச் சாத்துவது நிறுத்துவது ஆகாது. போகிறவர்தான் நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். "இஞ்சாருங்கோ, எனக்கு இப்ப ஏலாது. சாப்பிட்டு எட்டரைக்குக் கதைப்பம்." நேரம் சொல்லாமல் போனால் மற்றவர் பின்னாலேயே வருவார், அல்லது மௌனவிரதம் தொடங்கிவிடும். சொன்ன நேரத்துக்கு, கேட்கக் காத்திராமல், தானாக வந்து உட்காரவும் வேண்டும். இது ஒருமுறை தவறினால் அடுத்தமுறை உங்கள் எட்டரையை யாரும் நம்பப் போவதில்லை.

இடையில் குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும். மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த உடுப்பை எடுக்கலாம், காலி வீதிக்கு இறங்கிப் பாண் வாங்கி வரலாம். செய்யக் கூடாதது ஒன்று: திரும்பிப் போய் என்ன சொல்லி மடக்கலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது. அப்படியென்றால் உடம்பு இன்னும் சண்டையில்தான் நிற்கிறது, பாண் வாங்கியதுதான் மிச்சம்.

திரும்பக் கதைக்க நல்ல இடம் கடலோர வீதியான மரைன் டிரைவ். எதிரெதிரே உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்தே அடுத்த சண்டை வரும். "ஏன் அப்பிடிப் பாக்கிறீர்?" பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது இருவர் கண்ணும் ரோட்டில் இருக்கும். கோட்டையிலிருந்து பாணந்துறைப் பக்கம் போகும் பின்னேர ரயில்கள் வேறு, கடற்கரைப் பாதையில் தடதடவென்று வரும். ரயில் கடக்கும்வரை எதுவும் கேட்காது, வாயை மூடித்தான் ஆக வேண்டும். வாயில் வந்துவிட்ட சூடான வசனம் ஒன்று ரயில் போன பிறகு சொல்லத் தேவையில்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் மட்டும் வேண்டாம். பத்தடிக்கு ஒருவர், "எங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம்?" மாமியைத் தனியே விட்டுவிட்டு இறங்க முடியாத வீடு என்றால், சமையலறையில் ஒருவர் கழுவ மற்றவர் துடைத்துக்கொண்டு கதைக்கலாம். தண்ணீர்ச் சத்தம் ஓரளவு மறைக்கும்.

என்ன கதைப்பது? ஒரு நாளைக்கு ஒரு விஷயம். "நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்று தொடங்கினால், "எப்பவுமோ? போன மாசம்..." என்று அவர் உதாரணம் தேடத் தொடங்குவார், உங்கள் விஷயம் அதோடு போய்விடும். எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்: "சனிக்கிழமை மாமியைக் கண் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போறதாச் சொன்னனீங்கள். காலமை வெளிக்கிடுற நேரத்திலதான் ஏலாதெண்டனீங்கள். நான் அரைநாள் லீவு போட்டு ஓட வேண்டி வந்தது. இனி ஏலாதெண்டால் முதல்நாள் இரவே சொல்லுங்கோ." நடந்தது என்ன, அதனால் எனக்கு வந்தது என்ன, இனி என்ன வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறோம். மூன்றாவதைச் சொல்லாவிட்டால் கேட்பவருக்குக் குற்றச்சாட்டு மட்டும்தான் கிடைக்கும். கேட்டவர் மறுமொழிக்கு முன் ஒரு வரியில் திருப்பிச் சொல்ல வேண்டும்: "அப்ப, முதல்நாளே சொல்ல வேணும் எண்டுறீர்." ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை, விளங்கிவிட்டது என்று காட்டினால் சரி.

சீதனம், ஊர்க்காணியை விற்ற விலை, கலியாண வீட்டில் யார் யாரைக் கவனிக்கவில்லை போன்ற பழைய கணக்குகள் உள்ளே வரப் பார்க்கும். "அதுக்கு வேற நாள்" என்று தள்ளி வையுங்கள், பிறகு உண்மையாகவே வேறு நாள் கொடுங்கள்.

பலர் தங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்ததே, அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்தக் கட்டடத்தில் சண்டைகளை மறைத்துக்கொண்டிருந்தது சுவர்கள் அல்ல, மின்விசிறிகள். விசிறி நின்றதும் எல்லா வீடும் எல்லா வீட்டுக்கும் கேட்டது. காஸ் வரிசையில் யார் போய் நிற்பது என்ற ஒரே வழக்குத்தான் மாடிக்கு மாடி நடந்தது. காலையில் படிக்கட்டில் சந்தித்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இறங்கினோம்.

அடுத்தது வெளிநாட்டுச் சொந்தம். இங்கே இரவு ஒன்பது மணி என்றால் ரொறன்ரோவில் கோடைகாலத்தில் பகல் பதினொன்றரை. தங்கச்சி வேலைக்கு நடுவில் போனைப் பார்ப்பாள். கோபத்தில் நீங்கள் அனுப்பிய குரல்பதிவை லண்டன் அண்ணாவுக்கும் அனுப்புவாள். நீங்கள் விடிய எழும்பித் தேத்தண்ணி குடித்துச் சமாதானமாகிவிடுவீர்கள், அவளுக்கு அந்தச் சமாதானம் போய்ச் சேராது. அடுத்த முறை வரும்போது அத்தானோடு முகம் கொடுத்துக் கதைக்க மாட்டாள். ஆகவே மனம்விட்டுச் சொல்ல ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், சண்டை முடிந்த செய்தியையும் அந்த ஆளுக்கே சொல்லுங்கள். மாமியை நீதிபதியாக்குவது பற்றி நான் எதுவும் எழுதத் தேவையில்லை.

பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். "அப்பாவுக்கும் எனக்கும் ஒரு பிரச்சினை, உங்களால இல்லை, நாங்கள் கதைச்சுத் தீர்ப்பம்" என்றால் போதும்.

எங்கள் வீட்டுக்காரர் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. கடலை வடை வாங்கிக்கொண்டு வருவார். பேப்பர் பையில், எண்ணெய் ஊறி, இன்னும் சூடாக. அதைத் தட்டிவிடக் கூடாது, அவருக்குத் தெரிந்த முறை அது. ஆனால் வடையோடு கணக்கு முடிந்ததாகவும் விடக் கூடாது. சாப்பிட்டு, கை கழுவி, பிறகு கிளினிக் கதை.

இவ்வளவும் செய்தும் ஒருவர் இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லாமல், சாப்பாட்டில் மனமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது சண்டை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, வைத்தியரிடம் காட்ட வேண்டும். இருந்து என்ன பிரயோசனம் என்ற பேச்சு வந்தால் இரண்டு கிழமை பார்க்க வேண்டாம், அன்றே. 1926 என்ற இலக்கம் அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தினுடையது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அங்கொடை என்றதும் சிரிக்கிற கொழும்புப் பழக்கத்தை விட்டுவிடலாம். வைத்தியர் வேண்டாம், ஒருவர் காது கொடுத்துக் கேட்டால் போதும் என்பவர்களுக்கு ஹோட்டன் பிளேஸில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. 1974 முதல் தொண்டர்கள் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள். இந்த விபரங்களை நான் அறிவித்தல் பலகையில் ஒட்டவில்லை, நின்று வாசிக்க எல்லோருக்கும் வெட்கம். லிஃப்ட்டுக்குள் ஒட்டினேன்.

கை நீட்டுகிற வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. எட்டரைக்குக் கதைப்பம் என்று அங்கே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அது 12 மாதம் வரை செல்லும். பெண்கள் உதவிக்கு 1938 என்ற இலக்கம். பக்கத்து வீட்டில் குரல்கள் ஏறுவது கேட்டால், இரண்டு பேராகப் போய் மணியை அடித்துக் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேளுங்கள். அடி விழுகிற சத்தம் என்றால் கறிவேப்பிலை வேண்டாம், பொலிசுக்கு 119.