சூரியக் கல் நாட்காட்டி அல்ல: ஆஸ்டெக் மரபை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவின் பழைய வரலாற்றையும் அமெரிக்காவில் வாழும் லத்தீனோ மக்களின் அடையாளத்தையும் பற்றித் தமிழில் எழுத வரும் புதியவர்கள் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். முன்பு எழுதிய எல்லோரும், எங்களையும் சேர்த்து, அங்கேதான் சறுக்கினோம். மாயா பிரமிடின் படத்தைப் போட்டு ஆஸ்டெக் என்று எழுதுவது போன்ற பிழைகள் ஒருமுறை சொன்னால் திருந்திவிடும். சொல்லியும் திருந்தாதவை மட்டும் இங்கே.

லத்தீனோ என்றதும் ஆஸ்டெக் என்று எழுதுவது

லத்தீனோ என்பது அமெரிக்காவில் புழங்கும் பொதுப்பெயர். போர்ட்டோ ரிக்கோக்காரரும் அதில் அடக்கம், பெருவிலிருந்து வந்தவரும் அடக்கம். முன்னவரின் பூர்வகுடி வேர் டாயினோ. பின்னவரின் பாட்டி கெச்சுவா பேசியிருக்கலாம். இருவருக்கும், இன்றைய மெக்சிகோ நகரம் இருக்கும் இடத்தில் இருந்த ஆஸ்டெக் தலைநகரான தெனோச்டிட்லானோடு எந்த உறவும் கிடையாது.

மெக்சிகோவுக்குள்ளும் இதே கதைதான். அந்நாட்டு அரசு 68 பூர்வகுடி மொழிகளை அங்கீகரித்திருக்கிறது. மிச்சோவகானின் புரேபெச்சா மக்களை ஆஸ்டெக் படையால் கடைசிவரை வெல்ல முடியவில்லை. 1521இல் தெனோச்டிட்லானை முற்றுகையிட்ட ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸின் பக்கம் நின்று போரிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஸ்பானியர் அல்லர். த்லாஸ்கலா முதலிய ஊர்களின் பூர்வகுடி வீரர்கள். த்லாஸ்கலாவில் வேர் உள்ள ஒருவரை "ஆஸ்டெக் வம்சம்" என்று எழுதினால், அவருடைய முன்னோரின் எதிரிகளை அவருக்கு முன்னோராக்கிவிடுகிறோம்.

ஆகவே பேட்டி எடுக்கும்போது முதலில் மூன்றைக் கேளுங்கள்: எந்த மாநிலம், எந்த ஊர், தாத்தா பாட்டி வீட்டில் என்ன மொழி பேசினார்கள். பதில் வியக்க வைக்கும். எல் சால்வடோர்க்காரர் ஒருவரின் பாட்டி, ஆஸ்டெக்குகளின் மொழியான நாவாட்லின் நெருங்கிய உறவான நாவாட் பேசியிருக்கக்கூடும். பூர்வகுடி விவசாயிகளை அரசு கொன்று குவித்த 1932 படுகொலைக்குப் பிறகு அந்த மொழியை வெளியில் பேசவே அங்கே அஞ்சினார்கள்.

எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. "இவர்கள் உண்மையில் ஆஸ்டெக்குகளே அல்லர், வெறும் பாவனை" என்று சிக்கானோ மக்களை, அதாவது அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினரை, ஒதுக்குகிறவர்கள் உண்டு. 1969இல் டென்வர் மாநாட்டில் சிக்கானோ இளைஞர்கள் அஸ்ட்லான் என்ற, ஆஸ்டெக்குகளின் புராணத் தாயகத்தின் பெயரை முன்வைத்தது வம்சாவளிச் சான்றிதழாக அல்ல. தங்கள் காலடியில் இருக்கும் மண் தங்களுக்கு அந்நியமானதல்ல என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 1962இல் அமெரிக்காவின் பண்ணைத் தொழிலாளர் சங்கக் கொடிக்கு வரைந்த கறுப்புக் கழுகைப் பாருங்கள்: சிறகின் ஓரங்கள் படிக்கட்டுப் போல நேர்கோட்டில் இறங்கும். படம் வரையத் தெரியாத தொழிலாளியும் துணியில் வரைந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். அதை "பழங்கால ஆஸ்டெக் சின்னம்" என்று எழுதாதீர்கள். அது 20ஆம் நூற்றாண்டுத் தொழிலாளர்களின் சின்னம், அந்த மதிப்பே அதற்குப் போதும்.

சூரியக் கல்லை நாட்காட்டி என்பதும், அதை வைத்துப் பிறந்தநாள் குறி சொல்வதும்

இதைத்தான் எத்தனை முறை திருத்தினாலும் மனம் ஆறுவதில்லை. மற்ற பிழைகள் காகிதத்தோடு போய்விடும். இது மனிதர்களின் தோலில் பச்சையாக ஏறுகிறது, குழந்தைக்குப் பெயராகிறது.

ஆஸ்டெக்குகள் செதுக்கிய இந்த வட்டக் கல்லை முதலில் பார்ப்போம். 1790 டிசம்பர் 17 அன்று மெக்சிகோ நகரின் நடுச்சதுக்கத்தில் தோண்டும்போது கிடைத்தது. விட்டம் சுமார் 3.6 மீட்டர், எடை ஏறத்தாழ 24 டன், எரிமலைப் பாறை. பேராலயக் கோபுரத்தின் சுவரில் 1885 வரை பதிந்திருந்தது. இப்போது தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1792இல் அதைப் பற்றி நூல் எழுதிய லியோன் இ காமா, அதை நாள் கணிக்கும் கருவியாகவும் நிழற்கடிகாரமாகவும் விளக்கினார். "ஆஸ்டெக் நாட்காட்டி" என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

நடுவில் நாக்கு நீட்டிய முகம். அந்த நாக்கே ஒரு கற்கத்தி. முகத்தைச் சுற்றி நான்கு சதுரங்கள்: அழிந்த நான்கு யுகங்கள், அதாவது 4 சிறுத்தை, 4 காற்று, 4 மழை, 4 நீர். இந்தச் சதுரங்களும் முகமும் சேர்ந்த உருவம் "4 அசைவு", நாம் வாழும் ஐந்தாம் யுகம். அதற்கு வெளியே 20 நாள் குறிகள் வட்டமாக, இடஞ்சுழியாகச் செல்கின்றன. உச்சியில் 13 நாணல் என்ற ஆண்டு, ஐந்தாம் சூரியன் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு. விளிம்பில் இரண்டு நெருப்புப் பாம்புகள். வளையத்தில் 20 குறிகள் இருக்கின்றனவே தவிர, அவற்றோடு சேர்ந்து ஓடவேண்டிய 1 முதல் 13 வரையான எண் வரிசை இல்லை. 18 மாதங்களும் இல்லை. எண் இல்லாமல் குறியை மட்டும் வைத்து நாள் பார்க்க முடியாது.

உண்மையான கணக்கு இரண்டு சக்கரங்கள். ஒன்று 13 எண்களும் 20 குறிகளும் சேர்ந்து சுழலும் 260 நாள் சுற்று, தோனல்போவல்லி. மற்றது 20 நாள் கொண்ட 18 மாதங்களும் மிச்ச 5 நாள்களும் சேர்ந்த 365 நாள் ஆண்டு. இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சேர 18,980 நாள், அதாவது 52 ஆண்டுகள் ஆகும். 365ஐ 20ஆல் வகுத்தால் மீதி 5. அதனால் ஆண்டுக்குப் பெயர் தரும் குறிகள் நான்கே: நாணல், கற்கத்தி, வீடு, முயல். 13ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் ஆண்டின் எண் ஒவ்வொன்றாக ஏறும். தெனோச்டிட்லான் நகரம் வீழ்ந்த 1521 "3 வீடு" என்றால் அடுத்த ஆண்டு "4 முயல்".

நாள் குறி கண்டுபிடிக்க ஆஸ்டெக் நாளை நம் தேதியோடு பொருத்தும் ஆய்வாளர் அல்ஃபோன்சோ காசோவின் ஒப்பீட்டைத்தான் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். அதன் ஆணி, அதாவது எண்ணிக்கையைத் தொடங்கும் நாள், நகரம் வீழ்ந்த 1521 ஆகஸ்ட் 13, "1 பாம்பு" என்ற நாள். புதியவர்கள் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. அந்த ஆகஸ்ட் 13 பழைய ஜூலியன் கணக்கு. இன்றைய கிரிகோரியன் கணக்கில் அது ஆகஸ்ட் 23. கணினியில் அப்படியே ஆகஸ்ட் 13 என்று போட்டு நாள்களை எண்ணினால் விடை 10 நாள் பிசகும். அந்தத் தலைவலியே வேண்டாமென்றால் 2000 ஜனவரி 1ஐ ஆணியாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று "11 காற்று".

குறிகளின் வரிசை: 1 முதலை, 2 காற்று, 3 வீடு, 4 பல்லி, 5 பாம்பு, 6 சாவு, 7 மான், 8 முயல், 9 நீர், 10 நாய், 11 குரங்கு, 12 புல், 13 நாணல், 14 சிறுத்தை, 15 கழுகு, 16 பிணந்தின்னிக் கழுகு, 17 அசைவு, 18 கற்கத்தி, 19 மழை, 20 பூ.

2005 ஆகஸ்ட் 15இல் பிறந்தவருக்குப் பார்ப்போம். 2000 ஜனவரி 1இலிருந்து 2,053 நாள்கள். 13ஆல் வகுத்தால் மீதி 12. 11ஓடு கூட்டினால் 23, அதில் 13 போக 10. அடுத்து 2,053ஐ 20ஆல் வகுத்தால் மீதி 13. காற்றின் வரிசை எண் 2ஓடு கூட்டினால் 15. விடை "10 கழுகு". ஜூலியன் தேதியைக் கவனிக்காமல் போட்டவருக்கு இதே பிறந்தநாள் "7 பாம்பு" என்று வரும். கழுகு என்று தோளில் வரைய வேண்டியவர் பாம்பை வரைந்துகொண்டு போவார். 2000க்கு முன் பிறந்தவர்களுக்கு நாள்களைப் பின்னோக்கி எண்ணி, மீதியைக் கழியுங்கள். விடை பூஜ்யமோ அதற்குக் கீழோ போனால் எண்ணுக்கு 13ஐயும் குறிக்கு 20ஐயும் கூட்டுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். நாள் நள்ளிரவில் தொடங்கியதா, விடியலிலா, நண்பகலிலா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எனவே குறி ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்று வாசகரிடம் சொல்லிவிடுங்கள். லீப் நாளுக்கு இடம் கொடுத்து வேறு கணக்கு வைத்திருக்கும் ஆஸ்டெக் மரபு நடனக் குழுக்களும் உண்டு. அங்கே ஒரு குழந்தைக்கு ஏற்கெனவே நாள் பெயர் சூட்டியிருந்தால், காசோ கணக்கைக் காட்டி "தப்பு" என்று சொல்லாதீர்கள். எந்தக் கணக்கு என்று கேட்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

"அழிந்துபோன இனம்"

ஆஸ்டெக்குகளை இப்படி எழுதாதீர்கள். 2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் அவர்களின் மொழியான நாவாட்லைப் பேசுவோர் 16 லட்சத்துக்கும் மேல்.

2012 உலக அழிவு

2012இல் உலகம் அழியும் என்று ஆஸ்டெக்குகள் சொன்னதாக எழுதுகிறார்கள். அந்தத் தேதி, ஒரு தொடக்க நாளிலிருந்து நாள்களைத் தொடர்ந்து எண்ணிப்போகும் மாயா நெடுங்கணக்கிலிருந்து எடுத்தது. ஆஸ்டெக்குகள் நெடுங்கணக்கைப் பயன்படுத்தவில்லை.

80,400 பேர் பலி

1487இல் பெரிய கோயில் குடமுழுக்கில் நான்கு நாளில் 80,400 பேரைப் பலியிட்டார்கள் என்ற எண்ணை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். வகுத்துப் பாருங்கள்: இரவு பகல் ஓயாமல் நிமிடத்துக்கு 14 பேர். பலி நடந்தது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. 2015 முதல் கோயிலருகே தோண்டியெடுத்த மண்டையோட்டுக் கோபுரத்தில் நூற்றுக்கணக்கான மண்டையோடுகள் கிடைத்தன, பெண்கள், குழந்தைகளுடையவையும் அவற்றில் உண்டு. கிடைத்ததை எழுதுங்கள். காலனிய ஏட்டில் உள்ள எண்ணை எழுதுவதானால் ஏட்டில் உள்ளது என்றே எழுதுங்கள்.

பெயர்களை ஸ்பானிய வாயால் உச்சரிப்பது

ஆஸ்டெக்குகள் தங்களை மெஷிகா (Mexica) என்றே சொல்லிக்கொண்டார்கள். "ஆஸ்டெக்" என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. மெக்ஸிகா, மெஹிகா இரண்டும் வேண்டாம். பழைய எழுத்துமுறையில் x என்ற எழுத்துக்கு ஷகர ஒலி. ஷோச்சிட்ல் என்றால் பூ. இரட்டை லகரத்தை ஸ்பானியம் போல யகரமாக்காதீர்கள்: வீடு "கல்லி"தான், "காயி" அல்ல, அசைவு "ஒல்லின்", "ஓயின்" அல்ல. அழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில் விழும்.

டான்ஸாவை "வேஷம்" என்பது

டான்ஸா என்பது ஆஸ்டெக் மரபு நடனம். இறகுத் தலையணி, ஹுவேஹுவேட்ல் முரசு, கோபால் பிசின் புகை: ஆடுகிறவர்களுக்கு இது வழிபாடு, படம் பிடிப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். "ஆயிரமாண்டு மாறாத தூய மரபு" என்றும் எழுதாதீர்கள். இதன் ஒரு கிளையான கொஞ்செரோ மரபில் கத்தோலிக்கப் பாடலும், அர்மடில்லோ ஓட்டால் செய்த நரம்பிசைக் கருவியும் கலந்தே வந்திருக்கின்றன. கணுக்காலில் கட்டும் ஆயோயோட்டே சலங்கை, நம் தெருவோர மஞ்சள் அரளிக்கு நெருங்கிய உறவான மெக்சிகோ மரத்தின் கொட்டை ஓடு. பருப்பை எடுத்துவிட்டு வெறும் ஓட்டைத்தான் தோலில் வரிசையாகக் கோப்பார்கள். அந்தப் பருப்பு கடும் நஞ்சு. எனவே "செய்து பாருங்கள்" என்று குழந்தைகளுக்கான பக்கத்தில் இதைப் போடக் கூடாது.