லினக்ஸை மேம்படுத்திய பின் கணினி வட்டுச் சோதனையில் நின்றுவிட்டால்

கோத்தகிரியில் மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும். அதனால் லினக்ஸை மேம்படுத்திய மறுநாள் கணினி வட்டுச் சோதனையிலேயே நின்றதும், வட்டு போய்விட்டது என்றே பயந்தேன். திரையை நிதானமாகப் படித்த பிறகுதான் தெளிந்தது. எந்த வட்டுப் பகுதியை எங்கே இணைப்பது என்று கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் இருந்தது 'எஸ்டிபி1' என்ற பழைய சாதனப் பெயர். லினக்ஸின் மையமான புதிய கெர்னலோ அதே பகுதியை 'எஸ்டிஏ1' என்று அழைத்தது.

ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், 'பிஎல்கேஐடி' (blkid) கட்டளை காட்டும் யூயூஐடி (UUID) என்ற, அந்தப் பகுதிக்கே உரிய தனி அடையாளத்தை எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பெயருக்குப் பதிலாக எழுதுங்கள். பகுதியை ஃபார்மட் செய்யாதவரை அது தானாக மாறாது. கோப்பைச் சேமிக்க முடியவில்லையா? லினக்ஸ் இருக்கும் ரூட் பகுதியை எழுதும் நிலையில் மறுபடி மவுன்ட் செய்யுங்கள், அதாவது இணையுங்கள்.

மவுன்ட் ஆகியிருக்கும் பகுதியில் மட்டும் வட்டைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையை ஓட்டவே ஓட்டாதீர்கள்; நன்றாக இருக்கும் கோப்புகளும் சிதைந்துவிடக்கூடும். கழற்றி மாட்டும் யூஎஸ்பி வட்டுக்கான எஃப்எஸ்டேப் வரியில் 'நோஃபெயில்' (nofail) என்ற விருப்பத்தைச் சேர்த்தால், அது இல்லாவிட்டாலும் கணினி எழும்.