சினைப்பைப் புற்றுநோய் ஆய்வு: ரத்தத்திலிருந்து எக்சோசோம் பிரிக்கும் முறை

செல்கள் வெளியே தள்ளும் சவ்வுப் பைகள்தான் எக்சோசோம்கள். அளவு 30 முதல் 150 நானோமீட்டர். சினைப்பைக் கட்டியின் புரதங்களும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி மூலக்கூறுகள்) இவற்றில் ஏறி ரத்தத்துக்கு வருகின்றன. இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் விலையுயர்ந்த கருவியில் அல்ல, ரத்தம் எடுக்கும் மேசையில்.

வெறும் வயிற்றில் எடுங்கள். சாப்பிட்டபின் பெருகும் கொழுப்புத் துகள்களில் பல எக்சோசோம் அளவே இருப்பதால் எண்ணிக்கை ஏறிவிடும். ஹெப்பாரின் டியூப் வேண்டாம், அது ஆர்.என்.ஏ.வை அளக்க உதவும் பி.சி.ஆர். சோதனையைத் தடுக்கும், சிட்ரேட் அல்லது இ.டி.டி.ஏ. போதும். உறைந்த ரத்தத்திலிருந்து தெளியும் சீரமும் கூடாது: ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தங்கள் பைகளைக் கொட்டிவிடும். ஐஸிலும் வைக்காதீர்கள், குளிர் தட்டணுக்களைக் கிளப்பும்.

ஒரு மணி நேரத்துக்குள், அறை வெப்பத்தில், 2,500 ஜி (புவியீர்ப்பைப் போல் 2,500 மடங்கு) விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். செல் அடுக்குக்கு மேலே 1 செ.மீ. விட்டுவிட்டுத் தெளிந்த திரவமான பிளாஸ்மாவை எடுத்து, மறுபடி அதேபோல் சுழற்றுங்கள். நேரம் மிச்சம் என்று இந்த இரண்டாம் சுற்றைத் தவிர்ப்பவர்கள் உண்டு. மிஞ்சிய தட்டணுக்கள் உறைநிலையில் உடைந்து சிறு பைகளாகும். அதற்குப் பிறகு எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன, ஒதுக்கிவிடுங்கள். மற்றதை 0.5 மி.லி. வீதம் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறைதான் உருக்கலாம்.

உருக்கியதை 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றிக் திரண்டுபோன துணுக்குகளை நீக்கி, துகள்களை அளவுப்படி பிரிக்கும் செஃபரோஸ் மணிகள் நிரம்பிய 10 மி.லி. குழாயில் 0.5 மி.லி. ஏற்றுங்கள். பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலை ஊற்றி 0.5 மி.லி. வீதம் சேகரியுங்கள். முதல் 3 மி.லி. வெறும் திரவம். எக்சோசோம்கள் பெரும்பாலும் 7, 8, 9ஆம் குப்பிகளில் வரும். குழாய்க்குக் குழாய் மாறும் என்பதால் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். பேராசையில் 10, 11 என்று சேர்த்தால் ரத்தப் புரதமான ஆல்புமின் புகுந்துவிடும்.

துகள் எண்ணும் கருவியை மட்டும் நம்பாதீர்கள், அது கொழுப்புத் துகளையும் சேர்த்தே எண்ணும். புரதங்களை அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் எக்சோசோமின் அடையாளப் புரதங்களான சி.டி.9, சி.டி.63, டி.எஸ்.ஜி.101 தெரிய வேண்டும். செல்லின் உள்ளே இருக்கும் கால்நெக்சின் புரதம் தெரியக் கூடாது, தெரிந்தால் செல் குப்பை. கொழுப்புத் துகள்களின் புரதமான அப்போலிப்போபுரதம் பி எவ்வளவு என்றும் பாருங்கள்.

இதுவரை கிடைத்ததில் பெரும்பகுதி ரத்த அணுக்களுடையதே. கட்டியுடையதைப் பிடிக்க, எப்கேம் என்ற செல்பரப்புப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசிய காந்த மணிகள் உதவும். எப்கேம் இயல்பான எபிதீலியச் செல்களிலும் (உறுப்புகளின் மேற்பரப்பை மூடும் செல்கள்) உண்டு. ஆகவே புற்றுநோயல்லாத சினைப்பைக் கட்டி உள்ளவர்களின் மாதிரியையும் அதே நாளில், அதே முறையில் ஓட்டுங்கள்.